எச்-1பி விசாவா, எல்-1 விசாவா?

இரண்டுமே அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான விசாக்கள். எச்-1பி, அங்குள்ள நிறுவனம் வெளிநாட்டுத் திறமையாளரை வேலைக்கு எடுப்பதற்கு. எல்-1, நிறுவனம் தன் வெளிநாட்டு ஊழியரையே அங்கே மாற்றுவதற்கு.

எத்தனை பேருக்கு: எச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எல்-1க்கு வரம்பில்லை, ஆனால் அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் ஓராண்டாவது உழைத்திருக்க வேண்டும்.

செலவு: வெளிநாட்டிலிருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 2025 செப்டம்பரில் 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. எல்-1க்கு அது கிடையாது.

ஊதியம்: எச்-1பியில் அந்த வட்டாரத்து நடப்புச் சம்பளத்துக்குக் குறைக்கக்கூடாது. எல்-1இல் அந்தக் காப்பே இல்லை. இது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது, எச்-1பியில் முடியும்.

குடும்பம்: எல்-1காரரின் மனைவியோ கணவரோ வேலைக்குப் போகலாம். எச்-1பியில், பெரும்பாலும் கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) மனு ஒரு கட்டம் தேறும்வரை, துணையால் வேலைக்குப் போக முடியாது, அவருடைய பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இருவரும் சம்பாதித்தே தீரவேண்டிய வீட்டுக்கு எல்-1. தன் திறமைக்கு உரிய விலை கேட்டு நிறுவனம் மாற நினைப்பவருக்கு எச்-1பி.