கல்யாணச் சான்றிதழ் நகல் என்று 149 டாலர் பறித்தார்கள்: அமெரிக்காவில் இருப்பவர்கள் படியுங்கள்

இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. அரசு அலுவலகம் மாதிரி வேஷம் போட்ட ஒரு இணையதளத்திடம் 149 டாலர் போய்விட்டது. பணத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் டிரைவிங் லைசென்ஸின் படமும், எங்கள் இருவருடைய பிறந்த தேதியும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (நம் ஊர் ஆதார் எண் மாதிரி) கடைசி நான்கு இலக்கங்களும் யாரென்றே தெரியாத ஒரு கூட்டத்தின் கையில் இருக்கின்றன. பதிலுக்கு அவர்கள் கொடுத்தது ஒரு பிடிஎஃப். அதுவும் தப்பும் தவறுமாக நிரப்பப்பட்ட ஒரு விண்ணப்பம்.

எங்கள் கல்யாணம் டெக்சாஸில் நடந்தது. ஹூஸ்டனில் இருந்தபோது ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கல்யாண லைசென்ஸ், அதாவது கல்யாணத்துக்கு முன்னால் வாங்க வேண்டிய அனுமதி, எடுத்தோம். தாலி கட்டியது பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில். அந்தக் கோயில் இருப்பது பிரசோரியா கவுண்டி. டெக்சாஸில் இது சர்வசாதாரணம். எந்தக் கவுண்டியில் லைசென்ஸ் வாங்கினாலும் மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் வாங்கி 72 மணி நேரம் பொறுக்க வேண்டும், 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், நடத்தி வைத்தவர் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் கொடுத்த கவுண்டி கிளார்க்குக்கே (கவுண்டியின் பதிவு அதிகாரி) அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவு அங்கேதான் இருக்கும், கோயில் இருக்கிற கவுண்டியில் இருக்காது.

இப்போது நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு எங்கள் பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) கரண்ட் ஆனது, அதாவது விண்ணப்பிக்க எங்கள் முறை வந்தது. ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போட வேண்டும், மனைவியையும் சேர்க்க வேண்டும், கல்யாணச் சான்றிதழின் சான்றிட்ட நகல் உடனே வேண்டும் என்றார் வக்கீல். அசல் இருந்த பெட்டியை வீடு மாறியபோது சாமான் ஏற்றி வந்த கம்பெனிக்காரர்கள் தொலைத்துவிட்டார்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த அவசரம் புரியும். அடுத்த மாதமே தேதி பின்னால் போய்விடலாம்.

இணையத்தில் தேடினேன். மேலே வந்த முதல் இணையதளத்தில் நீல நிறத்தில் வட்ட முத்திரை, நடுவில் ஒற்றை நட்சத்திரம், பக்கத்தில் கவுண்டி ஆவண அலுவலகம் என்று படிக்கும்படியான தலைப்பு. கீழே நீதிமன்றக் கட்டடத்தின் படம். பெயர், தேதி, மாநிலம், கவுண்டி எல்லாம் கேட்டது. "கல்யாணம் நடந்த கவுண்டி" என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது, லைசென்ஸ் வாங்கிய கவுண்டிக்குக் கட்டமே இல்லை. அதனால் குறிப்பு எழுதும் இடத்தில், லைசென்ஸ் ஹாரிஸ் கவுண்டியில் எடுத்தது, பதிவும் அங்கேதான் என்று தெளிவாக எழுதினேன்.

அடுத்த பக்கத்தில் ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது. "ஆவணக் காப்பகத்தில் தேடுகிறோம்", "பெயர்களை ஒப்பிடுகிறோம்" என்று ஒவ்வொரு வரியாக வந்தது. கடைசியில் பச்சை டிக்: "உங்கள் பதிவு கிடைத்துவிட்டது." அதற்குக் கீழே என் பெயர், மனைவி பெயர், கல்யாணத் தேதி. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்ததும் ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பாடா, இருக்கே" என்றாள். நாங்கள் தட்டச்சு செய்ததையே எங்களுக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. ஒரு தேடலும் நடக்கவில்லை.

அப்புறம் கட்டணம். தேடல், தயாரிப்பு, விரைவு என்று பிரித்துப் போட்டு மொத்தம் 149 டாலர். அதில் "மாநில அளவிலான சான்றிட்ட நகல், குடியேற்றத் தேவைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற வரியும் உண்டு. இது பச்சைப் பொய். டெக்சாஸில் மாநில அரசு கல்யாணத்துக்குச் சான்றிட்ட நகலே கொடுப்பதில்லை. ஆஸ்டினில் உள்ள மாநிலப் பதிவு அலுவலகம் தருவது, இப்படி ஒரு கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் சரிபார்ப்புக் கடிதம் மட்டும்தான். சான்றிட்ட நகல் லைசென்ஸ் கொடுத்த கவுண்டி கிளார்க்கிடம்தான் கிடைக்கும். இல்லாத ஒன்றுக்கு 149 டாலர் வாங்கியிருக்கிறார்கள்.

பணம் கட்டிய சிறிது நேரத்தில் ஒரு பெண் போனில் பேசினார். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பொறுமை. "உங்கள் ஆர்டர் கவுண்டிக்குப் போய்விட்டது சார், அடையாளச் சான்று மட்டும் பாக்கி" என்றார். டிரைவிங் லைசென்ஸ் படத்தை அனுப்பினேன். கவுண்டிக்கு எதுவுமே போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு மின்னஞ்சலில் அந்த பிடிஎஃப் வந்தது. கவுண்டி கிளார்க் அலுவலகம் இலவசமாகத் தரும் விண்ணப்பம். அதில் எங்கள் பெயரை நிரப்பி, "இதை அச்செடுத்து, கையெழுத்திட்டு, அரசுக் கட்டணத்துக்கான மணி ஆர்டருடன் தபாலில் அனுப்பவும்" என்று எழுதியிருந்தது. அதாவது வேலை முழுவதும் நான்தான் செய்ய வேண்டும், அரசுக் கட்டணமும் தனியாக நான்தான் கட்ட வேண்டும். அனுப்ப வேண்டிய முகவரியைப் பார்த்தால் பிரசோரியா கவுண்டி! நான் எழுதிய குறிப்பை ஒரு ஆள்கூடப் படிக்கவில்லை. அந்தத் தாளை நம்பி அனுப்பியிருந்தால், பதிவே இல்லை என்று பதில் வந்திருக்கும். அதற்குள் எங்கள் தேதி போயிருக்கும்.

உடனே அவர்களுடைய சாட்டில் கேட்டேன். "உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக முடிந்தது" என்று பதில். நான் கேட்டது நகல், வந்தது விண்ணப்பம் என்றேன். "நாங்கள் ஆவணத் தயாரிப்புச் சேவை, அரசு நிறுவனம் அல்ல. விதிமுறைகளில் இருக்கிறது" என்றார்கள். போய்ப் பார்த்தால், பக்கத்தின் அடிமட்டத்தில் வெளிர்சாம்பல் எழுத்தில், உற்றுப் பார்த்தாலும் தெரியாத அளவில் அந்த வரி இருக்கிறது. மேலே முத்திரை அவ்வளவு பெரிதாக, கீழே உண்மை இவ்வளவு சிறிதாக. போன் செய்தால் பாட்டு ஓடுகிறது, அப்புறம் கட் ஆகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் வேறு ஆள். பிடிஎஃபைத் திறந்துவிட்டதால் பணம் திருப்பித் தர முடியாது என்கிறார் ஒருவர். மேலாளர் அழைப்பார் என்கிறார் இன்னொருவர். எந்த மேலாளரும் அழைக்கவில்லை. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்ததும் மட்டும் அவர்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. புகாரை வாபஸ் வாங்கினால் 149 டாலரில் 30 டாலர் தருவார்களாம்!

கடைசியில் நான் ஹாரிஸ் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கே நேரடியாகப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி இருவர் பெயரையும் வருஷத்தையும் கேட்டார், லைனில் இருக்கும்போதே பதிவைக் கண்டுபிடித்து ஃபைல் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்திலேயே பெயர் போட்டு இலவசமாகத் தேடிக்கொள்ளலாமாம். விண்ணப்பமும் காசோலையும் தபாலில் அனுப்பினேன். போக வரத் தபால் செலவையும் சேர்த்து 20 டாலர்கூட ஆகவில்லை. பொறித்த முத்திரையோடு நகல் வந்து வக்கீலிடம் போய்விட்டது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அந்த அம்மா கேட்கவே இல்லை. டெக்சாஸில் கல்யாணப் பதிவு பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ்தான் வேறு மாதிரி. 75 வருஷம் ஆகும்வரை சம்பந்தப்பட்டவர்களும் நெருங்கிய குடும்பத்தாரும்தான் வாங்க முடியும், அதற்கு அடையாளம் கேட்பது நியாயம்.

நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் எது என்று யாருக்கும் குழப்பம் வராது. இங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள். நியூ ஜெர்சியில் கல்யாணப் பதிவு கவுண்டியிலேயே இல்லை, அந்தந்த ஊரின் முனிசிபல் ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

இதே கூட்டத்தின் இன்னொரு கிளை வீடு வாங்குபவர்களைக் குறிவைக்கிறது. சுகர்லேண்டில் வீடு வாங்கிய என் மச்சானுக்கு, பத்திரம் பதிவான கையோடு அரசுக் கடிதம் மாதிரியே ஒரு உறை வந்தது. உங்கள் பத்திரத்தின் நகலுக்கு இத்தனை டாலர், இந்தத் தேதிக்குள் கட்டவும் என்று கெடு வேறு. டெக்சாஸ் கவுண்டி கிளார்க்கிடம் பத்திர நகல் பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றிட்டு வேண்டுமென்றால் அதற்கு மேல் ஐந்து டாலர். பதிவான அசல் பத்திரமே எப்படியும் தபாலில் வந்துவிடும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச்சலுகைக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்றும் இப்படிக் கடிதம் வரும். அதற்கான 50-114 படிவத்தைச் சொத்து மதிப்பிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் கொடுக்க ஒரு காசுகூடக் கிடையாது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இணையதள முகவரி டாட் கவ் (.gov) என்று முடிந்தால் அது அரசு. ஆனால் பல கவுண்டி அலுவலகங்கள் இன்றும் டாட் நெட், டாட் ஆர்க் முகவரிகளில்தான் இருக்கின்றன, ஹாரிஸ் கவுண்டி கிளார்க்கின் தளமே அப்படித்தான். அதனால் தேடலில் வருவதை நம்பாமல் மாநில அரசின் தளத்திலிருந்து கவுண்டிக்குப் போங்கள், முதலில் ஒரு போன் போடுங்கள். சில கவுண்டிகள் தனியார் நிறுவனம் வழியாகவும் ஆர்டர் எடுக்கின்றன. அந்த லிங்க் கவுண்டி தளத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து வந்தால் வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள்: அந்தச் செலவு வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், அந்த முத்திரைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்கள். நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியிலும் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார் போடுங்கள், இரண்டுக்கும் செலவில்லை. டிரைவிங் லைசென்ஸ் படம் கொடுத்திருந்தால், நம் கடன் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் இன்றைக்கே கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணுங்கள், அதாவது உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி பூட்டுங்கள். 2018 முதல் அது இலவசம். நாங்கள் இருவரும் பண்ணிவிட்டோம்.

என் புகாருக்கு அவர்கள் "சேவை வழங்கப்பட்டது" என்று பதில் போட்டிருப்பதாகக் கார்டு கம்பெனி நேற்று சொன்னது. நான் அந்தப் பிரசோரியா முகவரியையும் என் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். 149 டாலரும் முழுசாகத் திரும்பும்வரை விடப்போவதில்லை. இப்படிப்பட்ட தளத்திடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், கார்டு கம்பெனிக்கு என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.