சினிமாப் பாட்டா, சீரியல் பாட்டா?

கோவையிலோ ஈரோட்டிலோ இருந்து பாட்டெழுத வருபவருக்கு நான் முதலில் சொல்வது தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலைத்தான். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முன்னே வரும். அதன் அளவுக்குள் சொல் உட்கார வேண்டும். காட்சி மாறினால் பாட்டே போய்விடும். தொடரிலோ ஓரிரு நிமிடத்தில் முழுக் கதையின் உணர்வும் அடங்க வேண்டும். நாள்தோறும் வீட்டுக்குள் ஒலிப்பதால் தளர்ந்த சொல் உடனே சலித்துவிடும். இதைவிடக் கடுமையான பயிற்சி கிடையாது.

ஆனால் சாளை (தோட்டத்து வீடு), பொழுதோட (மாலையில்) போன்ற நம் கொங்குச் சொற்களுக்குச் சினிமாவே தாராளமாக இடம் தருகிறது. அவற்றைச் சினிமாவில் எழுதும் ஆசை எனக்கும் உண்டு.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவை பட்சிராஜாவும் இயங்கிய காலத்தில் ஸ்டுடியோ நம் ஊரிலேயே இருந்தது. இன்று சினிமா, தொடர் இரண்டுக்கும் சென்னைதான். மெட்டு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

பணத்தில் கவனம் தேவை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, திரையரங்குக்கு வெளியே படப்பாடல் பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சமபங்கு உண்டு. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எதில் எழுதினாலும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பதிந்துவிடுங்கள்.