குடியிருப்பவரே கதை சொல்லும் மூன்று வானொலி ஆவணங்கள்

நகரத்து ஏழ்மையைப் பற்றிய வானொலி ஆவணங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஸ்டூடியோக் குரல் விவரம் சொல்லும், அங்கே வாழ்பவர் இரண்டு வரி கலங்குவார், நிபுணர் ஒருவர் முடித்துவைப்பார். அமெரிக்கப் பொது வானொலிக்காக டேவிட் ஐசே தயாரித்த இந்த மூன்றிலும் அங்கேயே இருப்பவர்தான் கதைசொல்லி. அரை மணி நேரத்தில் ஒன்றைக் கேட்டுவிடலாம்.

‘கெட்டோ லைஃப் 101’ (1993) இன்றும் தனித்து நிற்கிறது. சிகாகோவின் தென்பகுதியில், ஐடா பி. வெல்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு வட்டாரத்துச் சிறுவர்கள் லியலன் ஜோன்ஸுக்கு 13 வயது, லாய்ட் நியூமனுக்கு 14. ரெக்கார்டர் அவர்கள் கையில். பள்ளிக்குக் கிளம்பும்போதே பதிவு ஓடுகிறது. வாசலில் நாய், அதன் கழுத்தில் சைக்கிள் சங்கிலி. எந்த மாதிரித் தெரு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிறகு லாய்ட் தன் அப்பாவிடம் அவருடைய குடியைப் பற்றிக் கேட்கிறான். நிருபர் கேட்டிருந்தால் மழுப்பலான பதில் வந்திருக்கும். மகன் கேட்கும்போது தப்பிக்க இடமில்லை. இந்த ஆவணத்தின் உயிர் இந்த உரையாடல்தான்.

‘ரிமோர்ஸ்’ (1996) அதே இருவர் செய்தது. 1994 அக்டோபரில் 10, 11 வயதுச் சிறுவர்கள் இருவர், 5 வயதுக் குழந்தையை 14ஆவது மாடி ஜன்னலிலிருந்து கீழே போட்ட கொடுமையை விசாரிக்கிறது. துணைத்தலைப்பில் வரும் ‘14 ஸ்டோரீஸ்’ மாடிகளையும் குறிக்கும், கதைகளையும் குறிக்கும். ஒலி, ஒளிபரப்புகளுக்கான பீபடி விருது பெற்றது. மனம் கனக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது போடாதீர்கள்.

ஐசேயும் ஸ்டேசி ஆப்ராம்சனும் செய்த ‘சன்ஷைன் ஹோட்டல்’ (1998) நியூயார்க்கின் பவரி தெருவில் இருந்த மலிவு விடுதியைப் பற்றியது. அறை 4 அடிக்கு 6 அடி, மேலே கூரைக்குப் பதில் கோழிவலை. விடுதி மேலாளரே விவரிக்கிறார். தன் வேலையைப் பார்ப்பவரின் குரல், பரிதாபம் தேடாத குரல்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. 1941இல் கறுப்பினக் குடும்பங்களுக்காகத் திறந்த ஐடா பி. வெல்ஸ் குடியிருப்பு எந்த முடிவுகளால் இந்த நிலைக்கு வந்தது என்பது ‘கெட்டோ லைஃப் 101’இல் போதிய அளவு இல்லை. 2002 முதல் 2011 வரை அது கட்டம் கட்டமாக இடித்துத் தள்ளப்பட்டது. இந்தப் பின்னணியைப் படித்துவிட்டுக் கேட்டால் சிறுவர்களின் பேச்சு வேறு எடையோடு விழும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அது அடித்தொனிகளைத் தின்றுவிடும். பேருந்தின் உறுமலும் நடைபாதையின் எதிரொலியும் மறைந்து வெறும் பேச்சு மட்டும் மிஞ்சும். ஹெட்ஃபோன் போதும். சிகாகோ வட்டாரப் பேச்சு வேகமானது, எழுத்துவடிவம் கிடைத்தால் முதல்முறை அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

இதுபோலச் செய்ய நினைப்பவர்கள் இரண்டாம் முறை வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை மட்டும் கவனிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் பின்னணி சட்டென்று மாறினால் ஒட்டு காதுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து, அதை வெட்டுகளுக்கு அடியில் விரிப்பார்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். எதிராளி பேசும்போது “ம்” போடாமல் தலையை மட்டும் அசையுங்கள். அந்த “ம்” பதில் மேலேயே விழுந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.