16, 17, 18: காம்பேக்ட் எஸ்யூவிக்கு எந்தச் சக்கரம்?

அலாய் வீல் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் டிசைனில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் அளவு. டயர் கடைசியில்தான் வரும், அதுவும் கையில் மிஞ்சிய காசுக்குத் தக்கபடி. முதல் தடவை நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்போது கேட்டால், டயரை முடிவு செய்துவிட்டு ரிம்மைப் பாருங்கள் என்பேன்.

கணக்குக்காக, கம்பெனியிலிருந்தே 215/60 ஆர்16 டயரோடு வந்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 129 மி.மீ. ரிம் 16 அங்குலம். எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 664 மி.மீ. எதை மாட்டினாலும் இந்த 664-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

215/55 ஆர்17 போட்டால் விட்டம் 668, பக்கச்சுவர் 118. 225/45 ஆர்18 என்றால் 660, பக்கச்சுவர் 101. விட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் தேறிவிடும். தேறாதது 215/60 ஆர்17. "அதே 215/60தானே சார், ஒரு இன்ச்தான் கூட" என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதன் விட்டம் கிட்டத்தட்ட 690. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104-ல் ஓடிக்கொண்டிருக்கும்.

18 அங்குலத்தின் அழகை மறுக்க முடியாது. வீல் ஆர்ச் நிறைந்து, நிறுத்திவைத்த வண்டியே ஓடுவது போல இருக்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை இந்தப் பக்கச்சுவர்தான். அதில் 28 மி.மீ. போய்விடுகிறது. டயரின் பக்கம் வீங்குவதும் ரிம் நெளிவதும் இந்த அளவில் சுலபம்.

பலர் பார்க்காத இன்னொன்று லோடு இண்டெக்ஸ். பழைய டயரில் 95 என்று இருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 225/45 ஆர்18-ன் சாதாரண வகையில் 91தான், 615 கிலோ. எக்ஸ்எல், அதாவது கூடுதல் எடை தாங்கும் ‘எக்ஸ்ட்ரா லோடு’ என்று போட்ட வகையில் அதே 95 கிடைக்கும். ஆனால் அந்த எடையைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவுக்கே காற்றடித்துக்கொண்டிருந்தால் எக்ஸ்எல் வாங்கியதில் பாதி பயன் போச்சு.

17 நியாயமான நடுவழி. வளைவில் வண்டி கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், சொகுசும் பெரிதாகக் கெடாது. ரிம் கனமாக இருந்தால் மட்டும் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் தெரியும், அதனால் எடையைக் கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு 16-க்கே. இருக்கும் ரிம்மிலேயே நல்ல டயர் நான்கு. ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதில் வரும் வித்தியாசத்தை எந்த ரிம்மும் தராது. மிஞ்சும் காசு பாக்கெட்டில்.

தார், மண் இரண்டிலும் ஓட்டுவதற்கான ஆல் டெரெய்ன் டயர் தனி ஆசை. தினமும் மண்பாதை, ஜல்லி என்றால் சரி, கல் கிழிப்பதை அது நன்றாகத் தாங்கும். மற்றவர்களுக்குக் கிடைப்பது இரைச்சலும், குறைந்த மைலேஜும், ஈரத் தாரில் நீளும் பிரேக்கிங் தூரமும்தான். முன்சக்கர இழுவை வண்டி டயர் மாற்றியதால் ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது.

17-தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பிசிடி (நட்டு துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்) பொருந்துகிறதே என்று நின்றுவிடாதீர்கள். ஆஃப்செட் கணக்கையும் போட்டுப் பாருங்கள்; ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். 7ஜே (7 அங்குல) அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 7.5ஜே, 40 ஆஃப்செட் மாட்டினால் சக்கரத்தின் வெளி விளிம்பு 11 மி.மீ. வெளியே வரும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, நாலு பேரை உட்காரவைத்துப் பார்த்தால்தான் மட்கார்டில் உரசுகிறதா என்று தெரியும்.

சென்டர் போரில், அதாவது ரிம்மின் நடுத்துளையில், நான் பட்ட பாடு தனி. புது ரிம் மாட்டிய மறுநாளே 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. கழற்றி அளந்தால் ரிம்மின் நடுத்துளை 73.1 மி.மீ., அதற்குள் உட்காரும் வண்டியின் ஹப் 67.1. சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி, சக்கரம் நட்டுகளின் தயவில் மட்டும் நின்றிருக்கிறது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் வளையல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஹப் ரிங், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டதும் நடுக்கம் நின்றது.

நட்டையும் பாருங்கள். சில வண்டிகளின் நட்டு உட்காரும் இடம் உருண்டை, வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே போட்டு முடுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். சரியான நட்டு போட்டு, குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை ரெஞ்சை வைத்துப் பாருங்கள். என் வண்டியில் அன்று இரண்டு நட்டு கால் சுற்று திரும்பியது.