ஆத்தங்குடிக் கல் தரை: புதிய வீட்டுக்கு எந்த அளவு பொருந்துகிறது?

இயற்கையோடு இயைந்த உள்ளலங்காரம் என்று இன்று காட்டப்படும் படங்களில் தேக்கும் பிரம்பும் தொட்டிச் செடிகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. தரை மட்டும் பெரும்பாலும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் வெளிர்நிற விட்ரிஃபைட் டைல்ஸாகவே இருக்கிறது. அறையின் நிறத்தில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது தரைதான் என்பதாலும், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் நமக்கு உண்டு என்பதாலும், மதுரையில் நாங்கள் கட்டிய வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் ஆத்தங்குடிக் கல் எனப்படும், சிமெண்டால் வார்த்த தரைக்கல்லைப் பதித்தோம். சில கோடைகளையும் மழைக்காலங்களையும் அந்தத் தரையில் கழித்த பிறகு எழுதுகிற மதிப்பீடு இது.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள ஆத்தங்குடியில் இந்தக் கற்கள் இன்றும் கையாலேயே செய்யப்படுகின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவி, ஈரக் கலவையால் நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். கல்லின் பளபளப்பு, கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டதால் வருவதே அன்றி, மேலே பூசிய மெருகால் வருவதன்று. நிறமும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதால், புழக்கத்தால் கோலம் எளிதில் தேய்ந்துவிடுவதில்லை.

சூளையில் சுடாத பொருள் என்பதைச் சொல்லி, முற்றிலும் இயற்கையான தரை என்று விற்பனையாளர்கள் பேசுவதை மட்டும் அப்படியே ஏற்க இயலவில்லை. சிமெண்டு சூளையில்தான் பிறக்கிறது. அதை எத்தனை அழகான அச்சில் ஊற்றினாலும் அந்தச் சூளை எரிபொருளின் கணக்கு மறையாது. மணலும் கைவேலையும் மிகுந்த, சுடும் எரிபொருளை ஒரு கட்டத்திலாவது மிச்சப்படுத்துகிற பொருள் என்று சொன்னால் அது நியாயமாக இருக்கும்.

அழகைப் பொறுத்தவரை, என் முதன்மையான பரிந்துரை கோலம் போட்ட கற்களைக் குறைத்து வாங்க வேண்டும் என்பதே. வளவு எனப்படும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் இருந்ததால் நான்கு நிறப் பூக்களும் அவற்றைச் சுற்றிய பட்டைகளும் தாங்கின. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையில் அதே கோலத்தைச் சுவரிலிருந்து சுவர் வரை பரப்பினால், சோபாவும் கட்டிலும் அதன் மேல் வந்து அமர்ந்ததும் கண்ணுக்கு ஓய்விடமே இல்லாமல் போகிறது. எங்கள் கூடத்தில் செம்மண் நிறத்து வெற்றுக் கல்லைப் பரப்பி, ஓரத்தில் மட்டும் கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒற்றைப் பட்டையை ஓடவிட்டோம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும், மெருகேற்றாத தேக்குக் கதவும், 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான மஞ்சள் சாயல் விளக்கும் சேர்ந்தபோது அறைக்குக் கிடைத்த கதகதப்பை வெள்ளை டைல்ஸில் எந்த விரிப்பாலும் கொண்டுவந்திருக்க முடியாது. வெண்மை மிகுந்த எல்இடி விளக்கின் கீழ் இதே செந்நிறம் சாம்பல் பூத்துத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கோடையில் குளிர்ச்சி தரும் என்பது பாதி உண்மை. நிழலான அறைகளில் நண்பகலிலும் காலுக்கு இதமாக இருக்கிறது. மேற்கு சன்னல் வழியாக வெயில் நேராக விழும் இடத்தில் மற்றத் தரைகளைப் போலவே சுடுகிறது.

குறைகள் பெரும்பாலும் இந்தக் கல் உருவாகும் முறையிலிருந்தே வருகின்றன. 1922இல் தொடங்கிய பாரத் ஃபுளோரிங்ஸ் போன்ற நிறுவனங்களின் சிமெண்டுக் கற்கள் ஹைட்ராலிக் எந்திரத்தின் அழுத்தத்தில் இறுகியவை. ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த அழுத்தம் இல்லை. ஆகவே ஓரங்கள் எளிதில் உதிர்கின்றன. லாரியில் வரும்போதே சில கற்கள் முனை உடைந்து வந்து சேரும். புளி, எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகிய எதுவும் சிமெண்டை அரித்து மங்கிய வட்டத்தை விட்டுவிடும் என்பதால், நாள்தோறும் புளி கரைக்கிற நம் அடுப்படிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரைத்தளத்தில் மண்ணின் ஈரம் மேலேறாதபடி தடுப்பு அடுக்கு போடாவிட்டால் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. புதிய தரையில் ஓரளவு பூப்பது இயல்பே, வெறும் தண்ணீரால் துடைத்துவரக் காலப்போக்கில் குறைகிறது.

பதிக்கும் வேலைதான் இதன் பாதி விலை என்று எண்ணிக்கொள்வது நல்லது. இடைவெளி விடாமல், கல்லோடு கல் ஒட்ட, சிமெண்டுச் சாந்தின் மேல் மட்டம் பார்த்து வைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆகும் பயணமும் தங்கலும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பதித்தபின் மெருகு எந்திரம் ஓட்டினால் கண்ணாடி தந்த முகம் போய்விடும் என்பதால் முதலிலேயே மட்டம் சரியாக இருந்தாக வேண்டும். வண்ணப்பூச்சு, மின்வேலை, தச்சுவேலை எல்லாம் முடிந்த பிறகே தரையைத் தொடவிடுங்கள். சொட்டிய பெயிண்டைக் கரைப்பானால் துடைத்தாலும் தழும்பு நிற்கிறது.

பராமரிப்பு எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். நாள்தோறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துவந்தால், நடக்க நடக்க மெருகு கூடுகிறது. ஆள் புழங்காத விருந்தினர் அறையில் அந்த மெருகு இன்னும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் நேரில் சென்று, ஈரத்தில் அல்லாமல் உலர்ந்த நிலையில் நிறத்தைப் பாருங்கள். தேவைக்கு மேல் 10 சதவீதமாவது ஒரே முறையில் சேர்த்து வாங்கி வையுங்கள். கையால் கலக்கும் நிறம் அடுத்த முறை அதே சாயலில் அமைவது அரிது.