ஆறு ஃபிளாஷோடு ஏழு வருஷம்: ஹம்மிங்பேர்ட் படமெடுத்த அனுபவம்

இறக்கை அந்தரத்தில் உறைந்து நிற்கிற ஹம்மிங்பேர்ட் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, ‘என்ன கேமரா?’ பத்து வருஷத்துக்கு மேல் பழையது என்றால் நம்ப மாட்டார்கள், ஏதோ மறைக்கிறான் என்று பார்ப்பார்கள். உண்மையில் இந்த வேலையில் கேமரா சும்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். படத்தை எடுப்பது ஃபிளாஷ். ஏழு வருஷமாக அதைத் தூக்கி வைத்து, கழற்றி, திட்டி, மறுபடி தூக்கி வைத்ததில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன், இதில் காசு போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

இருப்பது அரிசோனாவில், டூசான் நகரத்தில். ஊருக்குப் பேசும்போது அம்மா இன்றைக்கும் ‘தேன்சிட்டுதானே, நம்ம செம்பருத்திக்கு வருமே’ என்பார். அது வேறு குடும்பம் அம்மா, அது பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும், இது காற்றில் நின்றுகொண்டே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும், அமெரிக்கக் கண்டங்களை விட்டால் வேறெங்கும் கிடையாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு அன்னா வகை வருஷம் முழுக்க வரும், பிராட்-பில்டும் கோஸ்டாவும் அடிக்கடி. ஜூலைக் கடைசியிலிருந்து ரூஃபஸ் வலசை வந்து எல்லாரையும் விரட்டும். எடை நாலு கிராம்கூட இருக்காது, ரவுடித்தனம் நாற்பது கிலோவுக்கு.

முதலில் கணக்கு, ஏனென்றால் இது புரியாமல்தான் நான் முதல் வருஷத்தை வீணடித்தேன். அன்னா நொடிக்கு 40, 50 தடவை இறக்கை அடிக்கிறது. இறக்கை சுமார் 5 சென்டிமீட்டர், ஒவ்வொரு வீச்சிலும் அரை வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. போகவர இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் நுனி சராசரியாக நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓடுகிறது. ஷட்டரை 1/4000 நொடியில் வைத்தாலும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் நுனி 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் அது பஞ்சு மாதிரித் தெரியும். அதை அரை மில்லிமீட்டர் பக்கம் கொண்டுவர வேண்டுமென்றால் 1/18,000 நொடி வேண்டும். சாதாரணக் கேமராவின் ஷட்டர் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் சாதாரணக் கையடக்க ஃபிளாஷ் போகும்.

எப்படி என்றால், இந்த வகை ஃபிளாஷில் பவரைக் குறைக்கும்போது வெளிச்சம் மங்கலாக எரிவதில்லை, எரிய ஆரம்பித்ததைப் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். என்னிடம் இருப்பது நிக்கான் எஸ்பி-800, கடையில் விற்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது, பழசாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். எரியும் நேரத்தை அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது: முழுப் பவரில் 1/1050 நொடி, 1/16 பவரில் 1/10,900, 1/32 பவரில் 1/17,800. அதாவது முழுப் பவரில் அடித்தால் நுனி ஒரு சென்டிமீட்டர் ஓடிவிடும், ஃபிளாஷ் இல்லாமல் 1/4000 ஷட்டரில் எடுப்பதே மேல். நான் முதல் கோடை முழுக்க அதைத்தான் செய்தேன், இரண்டு ஃபிளாஷை முழுப் பவரில் வைத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை போல என்று லென்ஸை மாற்றினேன். மாற்றின லென்ஸுக்குப் போன காசை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பல ஃபிளாஷ் ஏன் என்பதும் இதில்தான் இருக்கிறது. 1/32 பவரில் ஒரு ஃபிளாஷ் தருவது ஒரு டம்ளர் வெளிச்சம். பறவையின் உடம்பு முழுக்கத் தெளிவாக இருக்க லென்ஸ் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்க வேண்டும் (300 எம்எம் லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் அப்போதும் கூர்மை நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான்), அதோடு சுற்றியுள்ள பகல் வெளிச்சத்தை முற்றிலும் அமுக்க வேண்டும். அதனால் ஃபிளாஷ்களைப் பூவுக்கு அரை மீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. இந்த ஒரு விதிதான் இந்தச் செட்டப்பின் உயிர், ஃபிளாஷ் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒரு சாண் கிட்டே தள்ளிவைப்பது மலிவு.

என் அளவுகள் சில வருஷமாக மாறவில்லை. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 16, ஷட்டர் 1/250, எல்லா ஃபிளாஷும் மேனுவலில் 1/32, முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைத் துணி மாதிரி டிஃப்யூஸர். ஷட்டர் 1/250தானா என்று வாயைப் பிளக்க வேண்டாம், இருட்டில் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தால் என்ன. இருட்டாக இருக்கிறதா என்று சோதிக்க ஃபிளாஷை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள், சுத்தமாகக் கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் உறைந்த இறக்கைக்கு மேல் புகை மாதிரி இன்னொரு இறக்கை ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் பின்பக்கத் தாழ்வாரத்தின் ஆழமான நிழலில் வைத்திருக்கிறேன், வெறும் மர நிழல் போதாது. அப்புறம், வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கவிடும் ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் இன்னும் நன்றாக உறையும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மோடில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காமல் படபடவென்று தொடர்ந்து துடிக்கும், நாம் பட்ட பாடெல்லாம் வீண். ஃபிளாஷ் அளவைக் கேமராவே முடிவு செய்கிற டிடிஎல்லும் கூடாது, அது முன்னோட்டமாக ஒரு சின்ன வெளிச்சம் விடும், அதைப் பார்த்து மற்ற ஸ்லேவ் ஃபிளாஷ்கள் (இன்னொன்றின் வெளிச்சம் பட்டதும் தானே அடிப்பவை) அவசரப்பட்டு முன்னாலேயே அடித்துவிடும்.

இரண்டாவது வருஷம் இறக்கை உறைந்தது, ஆனால் கழுத்து கரி மாதிரிக் கறுப்பாக வந்தது. அன்னா ஆணின் தலையும் தொண்டையும் எரிகிற ரோஜா நிறம், அதற்காகத்தானே இத்தனை பாடு! விஷயம் என்னவென்றால் அது சாயம் இல்லை, இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் தட்டுகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற விளையாட்டு. சரியான கோணத்தில் பட்டால் நெருப்பு, தப்பினால் கரி. நான் அழகுக்காக இரண்டு ஃபிளாஷையும் பக்கவாட்டில் வைத்திருந்தேன். ஒன்றை லென்ஸுக்கு நேர் மேலே, கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் கொண்டுவந்ததும் முதல் படத்திலேயே தொண்டை பற்றிக்கொண்டது, அன்றைக்குக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. கடைசியாக நின்ற வரிசை: லென்ஸுக்கு மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வயிற்றுக்குக் கீழிருந்து ஒன்று, பின்னால் மேலிருந்து இறகு ஓரத்துக்கு ஒன்று, பின்னணிக்கு இரண்டு.

பின்னணிக்குத் தனியாக இரண்டா என்றால், ஆம். பகல் வெளிச்சத்தைக் கொன்றுவிட்டதால் பின்னால் தோட்டம் தெரியாது, நள்ளிரவுதான் தெரியும். அதனால் மங்கலான பச்சைச் செடிப் படம் ஒன்றைப் பளபளப்பில்லாத தாளில் பெரிதாக அச்சடித்து ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள், எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றும். அதனால் படத்தோடு ‘ஃபீடர், செயற்கைப் பின்னணி’ என்று எழுதிவிடுகிறேன் (ஃபீடர் என்பது பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவது).

இந்த முறை ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஹரால்ட் எட்ஜர்ட்டன் 1930களிலேயே மின்னல் விளக்கு வைத்து ஹம்மிங்பேர்டை நிறுத்திவிட்டார். 1950களில் டூபான் ரசாயன நிறுவனத் தலைவராக இருந்த கிராஃபர்ட் கிரீன்வால்ட் தனியாகக் கருவி கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய் எடுத்தார். அவர்கள் பாரம் பாரமாய் இழுத்ததை நாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதுகுவலி என்கிறோம்.

தினசரி எரிச்சல்களைச் சொல்லாவிட்டால் அனுபவம் ஆகாது. ஆறு ஃபிளாஷுக்கு இருபத்திநாலு பென்டார்ச் பேட்டரி. 1/32 பவரில் அவை நாளெல்லாம் தாங்கும், சார்ஜ் போடுவதுதான் தவம். நடுவில் விலை மலிவாக இருக்கிறதே என்று வேறொரு பிராண்டில் இரண்டு வாங்கினேன். ஒன்று டூசான் வெயிலில் மூன்றே மாதத்தில் போனது, இன்னொன்று நினைத்தால் அடிக்கும், இல்லாவிட்டால் இல்லை. பறவையின் கண்ணில் ஒவ்வொரு ஃபிளாஷும் ஒரு புள்ளியாக விழும். நாலு புள்ளியோடு பார்த்தால் ஏதோ எட்டுக்கால் பூச்சி முறைக்கிற மாதிரி இருக்கும், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கணினியில் அழிக்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீருக்கு நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை மட்டும். சிவப்புச் சாயம் வேண்டாம், தேன் கூடவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். எங்கள் வெயிலுக்குத் தினமும் மாற்றிவிடுகிறேன். படமெடுக்கும் நாளில் மற்ற ஃபீடர்களை எடுத்துவிட்டு ஒரே துளையை மட்டும் திறந்து, அதன் முன்னால் பூவைக் கட்டுவேன். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட வேண்டும், இரவுக் குளிரைத் தாண்ட அதற்குக் கடைசி மடக்கு முக்கியம். ஃபிளாஷுக்குப் பயப்படுமா என்று கேட்பார்கள். முதல் சில தடவை திடுக்கிடும், அப்புறம் கண்டுகொள்வதில்லை, எங்கள் வீட்டு அன்னா ஆண் ஃபிளாஷ் ஸ்டாண்டின் உச்சியிலேயே உட்கார்ந்து காவல் காக்கிறது. ஆனால் கூட்டின் பக்கம் ஃபிளாஷைக் கொண்டுபோனதில்லை, போகவும் மாட்டேன்.

மூன்றாவது வருஷம் ஆகஸ்டில் ஃபீடர் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானது. ரக்கூன் என்று நினைத்து உயரத்தில் கட்டினேன், மறுபடியும் காலி. கடைசியில் ஒரு நாள் விழித்திருந்து பார்த்தால் வௌவால்! தெற்கு அரிசோனாவுக்கு மெக்சிகோவிலிருந்து கோடையில் வருகிற, தேன் குடிக்கும் வகை. அதில் ஒன்றான லெஸ்ஸர் லாங்-நோஸ்டு வௌவால் அமெரிக்க அரசின் அழியும் இனப் பட்டியலில் இருந்து 2018இல்தான் நீக்கப்பட்டது. இருட்டு தானாகவே இருக்கிறது, ஃபிளாஷ் ஏற்கனவே நிற்கிறது, கதிரைக் குறுக்கே கடந்ததும் தானாகப் படமெடுக்கவைக்கும் அகச்சிவப்புக் கதிர் ட்ரிக்கர் ஒன்று மட்டும் வாங்கினேன். நாக்கை நீட்டிக்கொண்டு வருகிற அந்தப் படங்கள்தான் இத்தனை வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவை, ஹம்மிங்பேர்ட் ரசிகர்கள் மன்னிக்கவும்.

இப்போது யாராவது புதிதாக ஆரம்பித்தால் ஆறு வாங்கச் சொல்வேனா? மாட்டேன். நாலு போதும், பறவைக்கு மூன்று, பின்னணிக்கு ஒன்று. ரேடியோ ட்ரிக்கர் உள்ளேயே இருக்கிற புது ஃபிளாஷ்கள் மலிவாகவே கிடைக்கின்றன, கேமராவில் இருந்தே பவரைக் கூட்டிக் குறைக்கலாம், எனக்கு இன்னும் ஒவ்வொன்றாகப் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டியிருக்கிறது. ஃபிளாஷ் எதுவானாலும் குறைந்த பவரில் எத்தனை நொடி எரிகிறது என்று கையேட்டில் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சோனி ஏ9 III மாதிரி, படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிக்கும் குளோபல் ஷட்டர் கேமராவில் எந்த ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் சேரும் என்பதால் பகல் வெளிச்சத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிடும், ஆனால் அதன் விலையில் என் தாழ்வாரத்தையே புதிதாகக் கட்டலாம்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான் பெரியது. மூவாயிரம் படத்துக்கு மேல் சேர்ந்தபின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பூ மாறும், பறவை மாறும், வெளிச்சம் மாறாது. தெற்கு அரிசோனாவிலேயே இருக்கிற படகோனியா ஊரில், ஹம்மிங்பேர்ட் பார்ப்பதற்கான பேட்டன் மையத்துக்குப் போனால் வெண்தொண்டை வயலட்-கிரவுண்ட் வகையைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரோடும் பார்க்கலாம். அங்கே போய் ஆறு ஸ்டாண்டை நிறுத்துவது முறையில்லை, வெறும் கேமராவோடு 1/1000இல் எடுத்தேன், இறக்கை மொத்தமும் கலங்கல். அந்தப் படத்தைத்தான் மனைவி ஹாலில் மாட்டச் சொன்னாள்.

போன மாதம் இரண்டு ஃபிளாஷை விற்றுவிட்டேன். ஸ்டாண்டுகளையும் மடித்து உள்ளே வைத்த அன்று அன்னா ஆண் அதே இடத்தில் காற்றில் நின்று இங்கும் அங்கும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது, மறுநாளும் வந்தது. ஒரு ஸ்டாண்டை மட்டும், மேலே ஒன்றும் மாட்டாமல், திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.