புட் ஆஃப், கால் ஆஃப்: ரெண்டும் ஒண்ணு இல்லீங்க

ரெண்டுலயும் கடைசில ஆஃப் வருதுல்ல, அதனாலயே நிறைய பேரு மாத்திப் போட்டுடறோம். மீட்டிங்கை 'புட் ஆஃப்' பண்ணிட்டாங்கன்னா தள்ளி வச்சிருக்காங்க, இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்'னா கேன்சல், அவ்ளோதான். நான் ஒருதடவை மழைனால மேட்ச் அடுத்த வாரம்னு சொல்ல வேண்டிய இடத்துல "தி மேட்ச் இஸ் கால்டு ஆஃப்"னு குரூப்ல போட்டுட்டேன், அடுத்த வாரம் கிரவுண்டுல பேட்டோட நின்னது நான் மட்டும்தான்.

கால் ஆஃப்ல பெருசா குழப்பம் இல்ல, கல்யாணம், ஸ்ட்ரைக், தேடுதல் வேட்டை எதை நிறுத்தினாலும் அதேதான். புட் ஆஃப்தான் கொஞ்சம் வில்லங்கம். "தி ஸ்மெல் புட் மீ ஆஃப்"னா நாத்தம் என்னைத் தள்ளி வச்சுதுன்னு இல்ல, அந்த நாத்தத்துலயே ஆசை விட்டுப் போச்சுன்னு அர்த்தம். கவனத்தைக் கலைக்கிறதுக்கும் இதையே சொல்லுவாங்க, நான் பந்து போடறப்போ கத்தாதே, "யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்"னு.

அப்புறம் 'இட்' வந்தா ரெண்டுலயுமே நடுவுலதான் உக்காரும், புட் இட் ஆஃப், கால் இட் ஆஃப். 'புட் ஆஃப் இட்'னு சொன்னா தப்பு. பின்னாடி இன்னொரு வெர்ப் வந்தா இங் சேத்துக்கணும், "ஐ புட் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்", 'டு கோ' வராது. (பல் டாக்டர் விஷயம் நிஜமாவே ரெண்டு மாசமா புட் ஆஃப்லதான் இருக்கு.)